பரணில் இருந்த ரெண்டு துப்பாக்கி

கொஞ்சம் நீளமான த்ரெட். வரலாறும் இருக்கு, எங்க வீட்டுக் கதையும் இருக்கு. நைட் ட்யூட்டிக்கு நடுவுல விட்டு விட்டு எழுதினது. அவசரமா இருந்தா சேவ் பண்ணி வச்சுட்டு அப்புறமா படிங்க.

அப்பா போன வருஷம் தவறிட்டார். தலைத் திவசத்துக்கு முன்னாடி பரணை ஒதுங்க வைக்கணும்னு அம்மா சொன்னாங்க. எங்க ஊர் கீழ்ப்பழனி மலையில, தாண்டிக்குடி பக்கம். தாத்தா வாங்கின சின்ன காப்பித் தோட்டம், அதுக்குள்ளேயே ஓட்டு வீடு. மூணு நாள் லீவு சொல்லிட்டுப் போயிருந்தேன்.

பரண்ல என்ன இருக்கும்? அதேதான். ஓட்டை அண்டா, என் பத்தாவது நோட்டு, தொட்டில் கட்டை, காப்பி உலர்த்துற சாக்கு. கடைசி மூலையில சாக்குல சுத்தி, சணல் கயிறு போட்டு, ஆள் நீளத்துக்கு ஒரு மூட்டை. தூக்கும்போதே கனம் வேற மாதிரி இருந்துச்சு. பிரிச்சா ரெண்டு துப்பாக்கி. பக்கத்துல ஒரு பிஸ்கட் டின். அதுக்குள்ள ஒன்பது தோட்டா, ஒரு பழைய லைசன்ஸ் புத்தகம்.

தாத்தா கிட்ட துப்பாக்கி இருந்தது எனக்குத் தெரியும். காட்டுப்பன்னிக்கும் குரங்குக்கும் பயந்து, பயிர்ப் பாதுகாப்புக்குன்னு மலைத் தோட்டக்காரங்க நிறைய பேர் அந்தக் காலத்துல லைசன்ஸ் வாங்கியிருந்தாங்க. தாத்தாவுக்கு அப்புறம் அது அப்பா பேருக்கு மாறியிருக்கு. ஆனா நான் எட்டாவது படிக்கும்போது கேட்டதுக்கு அப்பா சொன்ன பதில் நல்லா ஞாபகம் இருக்கு: "அதெல்லாம் எப்பவோ ஸ்டேஷன்ல ஒப்படைச்சாச்சுப்பா."

லைசன்ஸ்ல கடைசி ரினியூவல் முத்திரை 1999. மூணு வருஷத்துக்கு. அதுக்கப்புறம் வெறும் பக்கம்.

அதாவது என் அப்பா, வீட்டு வரியைக்கூட கெடு தேதிக்கு முன்னாடி கட்டுற மனுஷன், இருபது வருஷத்துக்கு மேல லைசன்ஸ் இல்லாத ரெண்டு துப்பாக்கியைப் பரண்ல வச்சுக்கிட்டு வாழ்ந்திருக்கார். ஏன்? அதுக்குக் கடைசியில வர்றேன். முதல்ல அந்தத் துப்பாக்கிங்களைப் பத்திச் சொல்றேன். ஏன்னா அதுங்க வெறும் இரும்பு இல்லை.

முதலாவது, குழல் வாய் வழியா மருந்து கெட்டிக்கிற கேப்புத் துப்பாக்கி. விசைக்கு மேல இருக்கிற தகட்டுல ஒரு கிரீடம், 'டவர்'னு ஒரு வார்த்தை, 1859-னு வருஷம். தோட்டத்தைத் தாத்தா வாங்கும்போது கூடவே வந்ததுன்னு அம்மா சொன்னாங்க. நான் செல்போன் டார்ச்சைக் குழல் வாயில அடிச்சு உள்ள பார்த்தேன். (இது எவ்வளவு பெரிய முட்டாள்தனம்னு பின்னாடி சொல்றேன். நீங்க செய்யாதீங்க.) உள்ளே வழவழன்னு இருந்துச்சு, தண்ணிக் குழாய் மாதிரி.

இங்கதான் கதை ஆரம்பிக்குது. ரைஃபிள்னாலே குழலுக்குள்ள சுருள் சுருளா பள்ளம் வெட்டியிருக்கணும். அந்தப் பள்ளம்தான் குண்டைச் சுழல வைக்குது. பம்பரம் சுத்தினா நேரா நிக்குதே, அதே கதை. சுழலுற குண்டு நேராப் போகும், தூரமாப் போகும். பள்ளம் இல்லாத குழல்ல இருந்து வர்ற குண்டு எங்க போகும்னு அதுக்கே தெரியாது.

1853-ல பிரிட்டிஷ் ராணுவம் கொண்டுவந்த என்ஃபீல்ட் ரைஃபிள் உலகத்தையே புரட்டிப் போட்ட ஆயுதம். 0.577 அங்குலக் குழல், உள்ளே மூணு பள்ளம். பழைய மஸ்கட் நூறு கஜத்துக்கே திணறும். இது பல நூறு கஜத்துக்கு அப்பால குறி வைக்கும். இந்த வகைக் கூம்புக் குண்டு எலும்பில பட்டா எலும்பு உடையாது, தூளாகும். அமெரிக்க உள்நாட்டுப் போர்ல கை கால் வெட்டி எடுக்கிற ஆபரேஷன் அத்தனை நடந்ததுக்கு இந்த மாதிரிக் குண்டு ஒரு பெரிய காரணம்.

அந்த ரைஃபிளுக்கான தோட்டா காகித உறையில வரும். கொழுப்புத் தடவியிருக்கும். பல்லால கடிச்சுக் கிழிச்சு மருந்தைக் கொட்டணும். மீதி உங்களுக்கே தெரியும், பள்ளிக்கூடப் பாடத்துல வந்ததுதான். 1857 ஜனவரியில கல்கத்தா பக்கத்துல இருக்கிற டம்டம் ஆயுதக் கிடங்குல பசுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்புன்னு பேச்சு கிளம்புது. மார்ச் 29-ல பாரக்பூர்ல மங்கள் பாண்டே. மே மாசம் மீரட். அப்புறம் வட இந்தியா முழுக்கத் தீ.

பாடப்புத்தகம் அதோட நிறுத்திடும். கலகத்தை அடக்கின பிறகு துப்பாக்கிக்கு என்ன ஆச்சுன்னு யாரும் சொல்லித் தர்றதில்லை.

ஆட்சி கம்பெனி கையில இருந்து ராணி கைக்கு மாறுச்சு. பீரங்கியைக் கிட்டத்தட்ட முழுசா வெள்ளைக்காரச் சிப்பாய் கையிலேயே வச்சுக்கிட்டாங்க. மலைப் பீரங்கிப் படை மாதிரி சில விதிவிலக்கு மட்டும். சரி, இந்தியச் சிப்பாய் கையில என்ன குடுக்கிறது? துப்பாக்கி இல்லாத சிப்பாயை வச்சு என்ன செய்ய? அதனால ஒரு யோசனை பண்ணாங்க. அதே என்ஃபீல்ட், அதே கட்டை, அதே நீளம், அதே கிரீடம். ஆனா குழலை உள்ளே கடைஞ்சு பள்ளத்தையெல்லாம் வழிச்சு எடுத்து, 0.656 அங்குலத்துக்கு அகலப்படுத்திட்டாங்க. தூரத்துக்கு ஏத்த மாதிரி ஏத்தி இறக்குற குறிப்பட்டையை எடுத்துட்டு, அசையாத ஒரு கட்டையை வச்சாங்க. 1858 மாடல்னு இதுக்குப் பேர். வெளியில இருந்து பார்த்தா ரைஃபிள். உள்ளே மஸ்கட்.

என் கையில இருந்தது அந்த வகைதான்.

அதைத் தெரிஞ்சுக்கிட்ட அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. உனக்குச் சம்பளம் தர்றோம், சீருடை தர்றோம், எங்களுக்காகச் சாகவும் உன்னை அனுப்புவோம், ஆனா நேராச் சுடுற துப்பாக்கியை மட்டும் தர மாட்டோம்! இதைச் சட்டத்துல எழுதலை. இரும்புக்குள்ள எழுதினாங்க. அதுக்கப்புறமும் பல பத்தாண்டுகளுக்கு இதே வழக்கம்: வெள்ளைக்காரப் படைக்குப் புதுசு வரும்போது அவங்க கழிச்ச பழசு இந்தியப் படைக்கு வரும்.

ஆயுதம் பறிக்கிறது நம்ம பக்கம் இன்னும் முன்னாடியே நடந்தாச்சு. 1799-ல கட்டபொம்மனைக் கயத்தாறுல தூக்கில போட்டாங்க. 1801-ல மருது சகோதரர்களைத் திருப்பத்தூர்ல. எங்க மலை அடிவாரத்துல விருப்பாட்சி கோபால நாயக்கரை அதே 1801-ல. அந்த வருஷம் டிசம்பர் 1-ம் தேதி சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் (ராபர்ட் கிளைவோட மகன்) ஒரு பிரகடனம் போட்டார். தென் சீமைப் பாளையக்காரங்களும் சேர்வைக்காரங்களும் இனிமே ஆயுதம் வச்சிருக்கக் கூடாது. கோட்டைகளையும் இடிச்சுத் தள்ளினாங்க. வடக்கே 1857-க்கு அப்புறம் நடந்தது, இங்க அரை நூற்றாண்டுக்கு முன்னாடியே நடந்து முடிஞ்சுடுச்சு.

நாடு முழுக்கன்னு வந்தது 1878-ல, லிட்டன் பிரபு காலத்துல. இந்திய மொழிப் பத்திரிகைகளோட வாயைக் கட்டுற சட்டம் அந்த வருஷம்தான், ஆயுதச் சட்டமும் அந்த வருஷம்தான். இந்தியன் துப்பாக்கி வைக்கணும்னா லைசன்ஸ், ஐரோப்பியனுக்கு விலக்கு. பத்திரிகைச் சட்டத்தை நாலே வருஷத்துல ரிப்பன் எடுத்துட்டார். ஆயுதச் சட்டத்தை யாரும் எடுக்கலை. 1887-ல சென்னையில நடந்த காங்கிரஸ் மாநாட்டிலேயே அதைத் தளர்த்தச் சொல்லித் தீர்மானம் போட்டிருக்காங்க. அகிம்சையே உருவான காந்தி, ஒரு தேசத்தையே நிராயுதபாணி ஆக்கின அந்தச் சட்டத்தை பிரிட்டிஷ் ஆட்சியோட மிக மோசமான செயலா எழுதியிருக்கார்னா பாருங்களேன்.

கூர்க்ல குடவர்களுக்கு மட்டும் விலக்கு கொடுத்தாங்க. அது இன்னைக்கும் இருக்கு. அது தனிக் கதை, இன்னொரு நாள்.

இப்ப ரெண்டாவது துப்பாக்கி. இது தாத்தா அறுபதுகள்ல வாங்கினது. இஷாப்பூர் அரசுத் தொழிற்சாலைத் தயாரிப்பு, 315 ஸ்போர்ட்டிங் ரைஃபிள். உள்ளே பள்ளம் இருக்கு. நிஜமான ரைஃபிள்தான். அப்பாடா, சுதந்திர இந்தியா நம்மளை நம்பிடுச்சுன்னு நினைச்சேன்.

நம்பலை!

அந்த 315-ங்கிற எண்ணைக் கவனிங்க. பிரிட்டிஷ் ராணுவத் தோட்டா 303. போலீஸ் கையில நீங்க பார்த்திருப்பீங்களே, பழைய மரக்கட்டைத் துப்பாக்கி, அதுக்கானது. ராணுவத் தோட்டா வெளியாள் துப்பாக்கியில பொருந்தக் கூடாதுங்கிறது வெள்ளைக்காரனோட கணக்கு. பொருந்தினா கிடங்குல இருந்து திருடுவாங்க, கலகம் பண்ணுவாங்க. அதனால இந்தியச் சந்தைக்குன்னு ராணுவம் பயன்படுத்தாத அளவுல துப்பாக்கி செஞ்சு வித்தாங்க. 315 அப்படி வந்த அளவு. ஆஸ்திரியாவோட பழைய மான்லிச்சர் தோட்டாதான் அதுக்கு மூலம். 1947-க்கு அப்புறமும் அதே கணக்கு தொடர்ந்துச்சு. 303 பொதுமக்களுக்குத் தடை, 315 லைசன்ஸோட கிடைக்கும்.

போலீஸையே நம்பாத கதையும் ஒண்ணு இருக்கு. அதே இஷாப்பூர்ல 303 ரைஃபிளை எடுத்து, பள்ளத்தை வழிச்சு, 410 அளவுக்கு அகலமாக்கி, ஒவ்வொரு குண்டா போட்டுச் சுடுற மாதிரி மாத்தி, சிறைக் காவலருக்கும் போலீஸுக்கும் கொடுத்தாங்க. யாராவது பிடுங்கிட்டுப் போனாலும் 303 தோட்டா போட்டுச் சுட முடியாது. 1858-ல செஞ்ச அதே வேலை. கடைசல் எந்திரம் மட்டும் புதுசு.

கோபப்படுறதா வேண்டாமான்னு எனக்கே குழப்பம்தான். கேஷுவாலிட்டியில குண்டுக் காயம் பார்த்தவன் நான். நாட்டுத் துப்பாக்கி வெடிச்சு ஒரு பக்கக் கண்ணு போன இருபது வயசுப் பையனுக்குத் தையல் போட்டிருக்கேன். வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருந்தா என் வேலை எப்படி இருக்கும்னு நினைச்சுப் பார்க்கவே பயமா இருக்கு. கட்டுப்பாடு வேணும், சந்தேகமே இல்லை. ஆனா ஊர் அமைதியா இருக்கணும்னு போடுற கட்டுப்பாடு வேற, நீ எழுந்திடக் கூடாதுன்னு போடுற கட்டுப்பாடு வேற. நம்ம சட்டம் பிறந்தது ரெண்டாவதுல.

சரி, அந்த பிஸ்கட் டின். அதுல இருந்த ஒன்பது தோட்டாவுக்கும் மூக்கு மழுங்கி, ஈயம் வெளியில தெரிஞ்சுது. தடயவியல் மருத்துவம் படிச்ச எந்த டாக்டருக்கும் பார்த்ததும் ஒரு பேர் ஞாபகம் வரும். டம்டம்.

ஆமா, கொழுப்புத் தடவின தோட்டா பத்தின பேச்சு கிளம்பின அதே டம்டம். முழுசா செம்பு உறை போட்ட குண்டு உடம்புல நுழைஞ்சா பல சமயம் நேரா துளைச்சுக்கிட்டு மறுபக்கம் போயிடும். 1895-ல சித்ரால் சண்டையில, சுட்டும் ஆளு விழலையேன்னு பிரிட்டிஷ் படை புலம்புச்சு. டம்டம் கிடங்குல கேப்டன் பெர்ட்டி-கிளேங்கிற அதிகாரி குண்டோட மூக்குல மட்டும் உறையை எடுத்துட்டார். இப்ப குண்டு உள்ளே போனதும் காளான் மாதிரி விரியும். நுழையிற ஓட்டை விரல் அளவு, உள்ளே நடக்கிற சேதம் கையளவு.

1899-ல ஹேக் மாநாட்டுல இந்த மாதிரி குண்டுக்குத் தடை கேட்டாங்க. பிரிட்டன் பிரதிநிதி சர் ஜான் ஆர்டா எழுந்து எதிர்த்தார். அவரோட வாதத்தைச் சுருக்கமாச் சொன்னா, நாகரிகமான சிப்பாய் ஒரு குண்டு பட்டதும் படுத்துடுவான், காட்டுமிராண்டி குண்டு பட்டும் ஓடி வருவான், அதனால இது தேவை. அப்படி ஓடி வந்தது யாரு? பிரிட்டன் அப்ப ஒத்துக்கலை. 1907-லதான் ஒத்துக்கிச்சு.

வேட்டைத் தோட்டாவுல இந்த வடிவம் இன்னைக்கும் உண்டு. மிருகம் காயத்தோட ஓடிப்போய் நாள்கணக்குல துடிக்காம சீக்கிரம் விழணும்னு. தாத்தா வாங்கினது அந்த வகை. 1972 வனவிலங்குச் சட்டத்துக்கு அப்புறம் அது பெரும்பாலும் டின்லயேதான் இருந்திருக்கும்.

இப்ப அப்பா கதைக்கு வர்றேன்.

அந்த 315 ரைஃபிளைத் திருப்பிப் பார்க்கும்போது ஒண்ணு உறுத்துச்சு. போல்ட் இல்லை. தோட்டாவைத் தள்ளி, பூட்டி, சுடுறதே அந்த இரும்புத் தண்டுதான். அது இல்லைன்னா ரைஃபிள் வெறும் தடி. துருப்பிடிச்சு விழுந்ததில்லை, சுத்தமா கழட்டி எடுத்திருந்தாங்க. டின்ல தேடினேன், சாக்கை உதறினேன். இல்லை.

அம்மா கிட்ட கேட்டேன். பீன்ஸ் நறுக்கிட்டிருந்தாங்க. கை நின்னுச்சு.

"உங்கப்பாதான் கழட்டி என்கிட்ட குடுத்தார். எங்கயாவது வை, எங்க வச்சேன்னு எனக்குச் சொல்லாதன்னார்."

எப்பம்மா?

"காப்பி விலை போச்சே, அந்த வருஷம்."

2001. காப்பி விவசாயிகளுக்கு அந்த வருஷத்தை விளக்க வேண்டாம். மத்தவங்களுக்காக: எந்த நாடு எவ்வளவு ஏற்றுமதி பண்ணலாம்னு இருந்த சர்வதேச ஒப்பந்தம் 1989-ல உடைஞ்சு போச்சு. அதுக்கப்புறம் வியட்நாம் கிடுகிடுன்னு பயிர் பண்ணி, பத்தே வருஷத்துல பிரேசிலுக்கு அடுத்த இடத்துக்கு வந்துடுச்சு. 2001 வாக்குல உலகச் சந்தையில காப்பி விலை பல பத்தாண்டுகள்ல இல்லாத அளவுக்கு விழுந்துச்சு. எங்க தோட்டத்துல பழம் பறிக்கிற கூலிக்குக்கூட விலை கட்டலை. சொசைட்டிக் கடன் ஒரு பக்கம், நகை ஒரு பக்கம். நான் அப்ப ஸ்கூல்ல இருந்தேன். அப்பா ராத்திரியில களத்துல தனியா உட்கார்ந்திருப்பார். கொசுக்கடியில என்ன பண்றாருன்னு நினைச்சிருக்கேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது.

அந்த ராத்திரிகள்ல ஒண்ணுல அவரே பரண்ல ஏறி, அவரே கழட்டி, அம்மா கையில குடுத்திருக்கார்.

டாக்டரா இதைச் சொல்லியே ஆகணும். உயிரை விட்டுடலாம்ங்கிற வேகம் பெரும்பாலும் கொஞ்ச நேரத்துக்குத்தான். அந்த நேரத்துல கைக்கு எட்டுற தூரத்துல என்ன இருக்குங்கிறதுதான் பல சமயம் முடிவு பண்ணுது. இலங்கையில கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொண்ணா தடை பண்ணாங்க; 1995-க்கும் 2005-க்கும் நடுவுல தற்கொலை விகிதம் பாதியாக் குறைஞ்சுது. எட்டாத இடத்துக்கு நகர்த்தினாலே உயிர் தங்குது. இதையெல்லாம் நான் மெடிக்கல் காலேஜ்ல படிச்சேன். அப்பா எங்க படிச்சார்னு தெரியலை.

உங்களுக்கோ உங்க வீட்டுல யாருக்கோ அப்படி ஒரு ராத்திரி இருந்தா 14416-க்கு (டெலி மானஸ்) கூப்பிடுங்க, இல்லைன்னா 104. எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம். கூச்சப்பட ஒண்ணுமில்லை.

2002-ல லைசன்ஸ் முடிஞ்சப்ப ஏன் ரினியூ பண்ணலைன்னு இப்பப் புரியுது. துப்பாக்கியைக் கொண்டுபோய்க் காட்டினா போல்ட் எங்கன்னு கேட்பாங்க. என்ன பதில் சொல்லுவார்? ஒரு வருஷம் விட்டார். அப்புறம் விட்டதே பயமாயிடுச்சு.

இந்த மாதிரி பெட்டியிலயோ பரண்லயோ உங்க வீட்டுலயும் இருக்கலாம். அதனால விவரமாச் சொல்றேன். 1959 ஆயுதச் சட்டம் 21-வது பிரிவுப்படி, லைசன்ஸ் இல்லாமப் போன ஆயுதத்தைத் தாமதிக்காம ஸ்டேஷன்லயோ லைசன்ஸ் உள்ள டீலர்கிட்டயோ ஒப்படைக்கணும். லைசன்ஸ்தாரர் இறந்துட்டா வாரிசு பொறுப்பு. வாரிசு தன் பேருக்கு லைசன்ஸ் கேட்டும் விண்ணப்பிக்கலாம். சும்மா வச்சிருந்தா, 2019 திருத்தத்துக்கு அப்புறம் குறைஞ்சது ரெண்டு வருஷம், அதிகபட்சம் அஞ்சு வருஷம் சிறை. "தாத்தா ஞாபகமா இருக்கட்டுமே"ன்னு செவுத்துல மாட்டாதீங்க. போட்டோ எடுத்து ஃபேமிலி குரூப்ல போடாதீங்க. நீங்களா தூக்கிட்டு பஸ் ஏறாதீங்க. ஒரு வக்கீலைக் கேளுங்க, ஸ்டேஷனுக்கு எழுத்து மூலமா தகவல் குடுங்க, அவங்க வந்து எடுக்கட்டும்.

நான் அப்படித்தான் செஞ்சேன். ரெண்டு போலீஸ்காரங்களும் ஆயுதப்படையில இருந்து ஒரு ஆர்மரரும் வீட்டுக்கு வந்தாங்க. ஆர்மரர் கேப்புத் துப்பாக்கியைத் தொடும்போதே குழல் வாயைத் தோட்டத்துப் பக்கம் திருப்பிட்டார். ஒரு மரக் குச்சியை மெதுவா உள்ளே விட்டு, எவ்வளவு போச்சுன்னு விரலால குறிச்சு, வெளியில எடுத்துக் குழலோட ஒட்டி வச்சுக் காட்டினார். அடிவரைக்கும் போகலை. நாலு விரல் அளவு முன்னாடியே நின்னுடுச்சு.

"சார், இது லோடு பண்ணியிருக்கு."

யாரோ, எந்தக் காலத்துலயோ, மருந்து கெட்டி, சுடாம வச்சது. அதுக்குள்ளதான் நான் டார்ச் அடிச்சுக் கண்ணை வச்சேன். அவர் அதை எப்படிக் கையாண்டார்னு எழுத மாட்டேன், யாராவது முயற்சி பண்ணுவீங்க. எங்களையெல்லாம் வீட்டுக்குள்ள போகச் சொல்லிட்டார்.

கேஸ் போடுவாங்களோன்னு அம்மாவுக்கு நடுக்கம். விசாரிச்சாங்க, அப்பாவோட இறப்புச் சான்றிதழ் நகல் கேட்டாங்க, வாரிசு ஒப்படைப்புன்னு எழுதினாங்க. ரைட்டர் திண்ணையில உட்கார்ந்து ஒவ்வொண்ணா பட்டியல் போட்டார். ஒற்றைக் குழல் வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கி ஒன்று. 315 ரைஃபிள் ஒன்று. தோட்டா ஒன்பது. அப்புறம் நிமிர்ந்து, "போல்ட் இல்லையே சார்?"ன்னார். துப்பாக்கியோட பாகமும் சட்டப்படி ஆயுதம்தான், அதுவும் கணக்குல வரணும்.

நான் அம்மாவைப் பார்த்தேன்.

அம்மா எழுந்து உள்ளே போனாங்க. குதிர் இருக்கிற ரூம்ல எதையோ நகர்த்துற சத்தம் கேட்டுச்சு. திரும்பி வரும்போது கையில அப்பாவோட பழைய கோடு போட்ட கைக்குட்டையில சுத்தின ஒரு பொட்டலம். எண்ணெய் ஊறி துணியே கறுத்துப் போயிருந்துச்சு. பிரிச்சா ஒரு புள்ளி துரு இல்லை.

"வருஷா வருஷம் தேங்காயெண்ணெய் தடவி வைப்பேன். அவர் கேட்கவே இல்லை"ன்னாங்க.

ரைட்டர் அதை வாங்கிப் பார்த்துட்டு, நாலாவது வரியில எழுதினார்: போல்ட் ஒன்று.